சண்முகலிங்கம் வீட்டின் எல்லை

வெள்ளவத்தை,
12.1.1997

அன்புள்ள கௌரி அக்காவுக்கு,

பழனி எழுதுகிறேன். இங்கே ஐயாவும் அம்மாவும் நானும் சுகம். ஐயாவுக்கு மட்டும் மார்கழி இருமல் இன்னும் விட்டபாடில்லை. அங்கே நீங்களும் அத்தானும் சுகமா? லண்டன் குளிரில் உங்கள் விரல்கள் வெடிக்கிறதாமே. படுக்கும்போது நல்லெண்ணெய் பூசச் சொல்லி அம்மா எழுதச் சொன்னார்.

நீங்கள் அனுப்பிய புத்தகம் வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை ரெலிபோனில் நன்றி சொல்லலாம் என்றால் ஐயா மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருக்கிறார். என் முறை வருவதற்குள் ‘சுகமா, சுகம்’ என்று கோல் முடிந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

இந்தத் தவணை கம்பஸில் நிறுவனப் பொருளியல் என்று ஒரு பாடம். முதல் நாளே விரிவுரையாளர் ஒரு கேள்வி கேட்டார். எல்லாவற்றையும் சந்தையில் விலைக்கு வாங்கலாம் என்றால் பேக்கரிக்காரன் ஏன் மாதச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறான்? தினமும் விடிய தெருவில் நின்று, மா பிசைய யார் வருகிறீர்கள் என்று கூப்பிடலாமே? கூப்பிடலாம். ஆனால் தினமும் பேரம் பேசுவதும், வந்தவன் நல்லவனா என்று பார்ப்பதும் பெரிய செலவு. அதற்குப் பயந்துதான் ஆளை உள்ளே எடுத்து வைத்துக்கொள்கிறான். எது உள்ளே, எது வெளியே என்கிற கோடுதான் நிறுவனத்தின் எல்லை.

வீட்டுக்கு வந்து அதே கண்ணால் பார்த்தேன். மீன் வெளியிலிருந்து வருகிறது. உடுப்பு வெளுக்க வெளியே போகிறது. தேங்காய் துருவுவது, ஐயா கோர்ட்டுக்குப் போடும் சட்டையை அயர்ன் பண்ணுவது, அம்மாவின் காலுக்கு எண்ணெய் தேய்ப்பது எல்லாம் உள்ளே, அதாவது நான். ஒன்பது வயதில் அப்புத்தளைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து என்னைக் கூட்டி வந்தபோது ஐயா பேரம் ஒன்றும் பேசவில்லை. என்னைப் பெற்ற ஆறாயியிடம், “பிள்ளை மாதிரி வைச்சிருப்பம்” என்று ஒரு வார்த்தை சொன்னார். சம்பளம் இல்லை, பள்ளிக்கூடம் உண்டு. ஆகவே நான் இந்த வீட்டின் எல்லைக்குள் இருக்கிறேன் என்று புத்தகமே சாட்சி சொல்கிறது. சிரிக்காதீர்கள்.

பாடத்தில் ஒரு கருத்தை எடுத்து, சொந்த அனுபவத்தோடு சேர்த்து ஒரு கட்டுரை எழுத வேண்டும். நான் இந்த எல்லையைத்தான் எழுதப் போகிறேன்.

இன்னொரு செய்தி. என் அண்ணன் காளியப்பன் கொழும்புக்கு வந்துவிட்டான். கொட்டாஞ்சேனையில் ஒரு இரும்புக் கடையில் வேலை. கடை மாடியிலேயே படுக்கை. ஞாயிறுகளில் என்னைப் பார்க்க வரட்டுமா என்று ஐயாவிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் சொன்னால் ஐயா தட்ட மாட்டார்.

உங்கள் அன்புத் தங்கை,
பழனி


லண்டன்,
10.2.1997

அன்பான பழனிக்கு,

நாங்கள் நல்ல சுகம். எல்லோருடைய சுகத்தையும் நல்லூரானிடம் வேண்டுகிறேன். அப்பாவைக் குளிர்ந்த தண்ணீரில் முழுக விடாதே. நீ சொன்னால்தான் கேட்பார்.

உன் கடிதத்தைத் தமிழ் தெரியாத என் அலுவலகத் தோழிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனாலும் பழனி, எல்லை என்ன எல்லை? நீ எங்கள் வீட்டுப் பிள்ளை. குசினியில் மண்ணெண்ணெய் அடுப்புக்குப் பக்கத்தில் உன்னை இருத்தி ஏ, பி, சி சொல்லித் தந்தது யார்? உன் ஓ.எல். சோதனை முடிவு வந்தபோது அப்பா தெரு முழுக்க கேக் கொடுத்ததை மறந்துவிட்டாயா? கட்டுரைக்கு வேறு ஏதாவது பார். என் அலுவலகத்தைப் பற்றி எழுது. எங்கள் மனேஜரை வைத்து ஒரு புத்தகமே எழுதலாம்.

இனி ஒரு சந்தோசமான செய்தி. ஆவணி மாதம் நான் தாயாகப் போகிறேன். பிள்ளை பிறக்கும்போது அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும். விசாவுக்கு இப்போதே ஓடத் தொடங்கியிருக்கிறோம்.

காளியப்பன் ஞாயிறுகளில் வரட்டும். அதற்கு என்ன? அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு. காலம் அப்படி இருக்கிறது.

அன்பு அக்கா,
கௌரி


வெள்ளவத்தை,
16.3.1997

அன்புள்ள கௌரி அக்காவுக்கு,

வாயும் வயிறுமாக இருக்கும் உங்களுக்கு மசக்கை எப்படி இருக்கிறது? புளி கிடைக்கிறதா? இங்கே மூவரும் சுகம். அம்மா இப்போதே சின்னச் சின்னச் சட்டைகள் தைக்கத் தொடங்கிவிட்டார். எல்லாம் மஞ்சள் நிறம், ஆணோ பெண்ணோ என்று தெரியாதல்லவா.

அண்ணன் நான்கு ஞாயிறாக வருகிறான். பின் வாசல் வழியாகத்தான் வருவான். முன்னால் வா என்றாலும் கேட்பதில்லை. ஐயா அவனோடு நன்றாகவே கதைக்கிறார். “தோட்டத்தில கொழுந்து இப்ப எப்பிடி தம்பி?” என்று கேட்பார். இவன், “பரவாயில்லீங்க ஐயா” என்று எழும்பி நின்று பதில் சொல்வான். எனக்குத்தான் வேடிக்கை. ஐயாவுக்கு ‘ஓம்’, திரும்பி அவனுக்கு ‘ஆமா’ என்று இரண்டு நாக்கோடு நடுவில் நிற்கிறேன்.

அவனுடைய முதலாளி சவுந்தரநாயகம் ஒரு தனிப்பிறவி. கதவு திறக்க ஐந்து நிமிடம் பிந்தினால் பிளேன்டீ கிடையாதாம். இரவு மாடியில் விளக்கு எரிந்தால் கீழே இருந்து கத்துவாராம். முதலாளி என்றால் முதலாளிதான். பாடத்தில் சொல்வது போல அங்கே எல்லாம் சந்தை, வேலைக்குக் கூலி, அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ஆனால் ஒரு கவலை. வந்து தங்கும் ஒவ்வொரு தமிழரையும் பதிய வேண்டும் என்று தெரிந்தும், கடையில் படுக்கும் பொடியன்களை அந்த மனிதர் பொலிஸில் பதிவு செய்யவில்லை. அண்ணனுக்கு அடையாள அட்டையும் இன்னும் கையில் வரவில்லை. பதிவும் இல்லாமல் அட்டையும் இல்லாமல் ஒரு தோட்டத்துப் பொடியன் கொழும்பில் எத்தனை நாள் தப்புவான்? அதனால், அவன் பெயரை இந்த வீட்டு விலாசத்தில் பதிய முடியுமா என்று ஐயாவிடம் கேட்டேன். ஐயா பேப்பரை மடித்து வைத்து, “பார்ப்பம் பிள்ளை” என்றார். புதுக்கடைக் கோர்ட்டில் முப்பது வருடம் மொழிபெயர்ப்பாளராக இருப்பவர். சண்முகலிங்கம் ஐயா என்றால் பொலிஸில் தெரியாதவர்கள் இல்லை. ஒரு நாள் போய் வந்தால் முடிகிற வேலை.

அக்கா, ஞாயிற்றுக்கிழமை கதைக்கும்போது ஐயாவுக்கு இதைப் பற்றி ஒரு சொல் சொல்லுங்கள். எனக்காக நான் எதுவும் கேட்டதில்லை. இது அண்ணனுக்காக.

அன்புடன்,
பழனி


லண்டன்,
20.4.1997

அன்பான பழனிக்கு,

சித்திரைப் புதுவருட வாழ்த்துகள். நான் சுகம், களைப்புத்தான் அதிகம். அத்தான் சோறு காய்ச்சப் பழகிவிட்டார், குழைந்துபோகிறது.

அம்மாவின் விசாவுக்கு எல்லாம் அனுப்பியாகிவிட்டது. ஆடி மாதத் தொடக்கத்தில் நேர்முகம். அதுவரை வீட்டில் எந்தப் பிரச்சினையும் வராமல் பார்த்துக்கொள். அம்மாவுக்கு வீண் பதற்றம் கூடாது.

நீ கேட்டதைப் பற்றி அப்பாவோடு கதைத்தேன். எது சரியோ அதை அப்பா செய்வார். நீ யோசிக்காதே.

கட்டுரை முடிந்ததா?

அக்கா,
கௌரி


வெள்ளவத்தை,
25.5.1997

அன்புள்ள கௌரி அக்காவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். ஐயாவும் அம்மாவும் சுகம். நான் சுகமாக இல்லை. அண்ணனைப் பிடித்துவிட்டார்கள்.

வெசாக் விடுமுறை என்று அண்ணனின் கடை பூட்டியிருந்தது. மத்தியானம் சாப்பிட வந்தான். நானும் அம்மாவும் களுபோவில ஆஸ்பத்திரியில் இராசரத்தினம் மாமாவைப் பார்க்கப் போனோம். ஐயா மட்டும் வீட்டில். அண்ணனுக்குச் சோறு போட்டு வைத்துவிட்டுத்தான் போனேன். திரும்பி வரும்போது ஒழுங்கை வாசலில் ஆமி ட்ரக். ஒவ்வொரு வீடாகச் சோதனை போட்டு முடித்துவிட்டுப் போகிறார்கள். உள்ளே வந்து பார்த்தால் பின் விறாந்தையில் அண்ணனின் பீங்கானில் பாதிச் சோறு அப்படியே இருக்கிறது. ஐயா சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

“நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தன் பிள்ளை. அவங்கள் கேக்கேல்லை,” என்றார். நான்தான் தண்ணீர் கொடுத்தேன்.

இந்த வாரம்தான் வகுப்பில் மறைந்த செயல் என்று ஒரு பாடம் நடந்தது. உனக்காக ஒருவன் ஒரு காரியத்துக்குப் போகிறான், காரியம் பிழைத்துவிடுகிறது. அவன் முயன்றும் பிழைத்ததா, முயலாமலே பிழைத்ததா என்பது வீட்டில் இருக்கும் உனக்குத் தெரியவே தெரியாது. உனக்குத் தெரிவது முடிவு மட்டும். வகுப்பில் எல்லோரும் உதாரணம் சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. ஐயாவைச் சந்தேகப்பட்டால் என் நாக்கு அழுகிப்போகும். அவர் முயன்றிருப்பார்.

அண்ணனைத் தடுத்து வைக்க உத்தரவு எடுத்துவிட்டார்களாம். மதிப்புள்ள ஒருவர் நேரில் வந்து, இவனை எனக்குத் தெரியும், இன்ன இடத்தில் வேலை செய்கிறான், இன்ன குடும்பத்துப் பிள்ளை என்று வாக்குமூலம் கொடுத்தால் வெளியே வரலாம் என்று ஒரு லோயர் சொன்னார். ஐயாவை விட வேறு யார்? கேட்டேன். “பொறு பிள்ளை, இப்ப போனால் எங்களையும் சேர்த்துப் பாப்பாங்கள்” என்கிறார். பொறுக்கிறேன். ஆனால் அங்கே உள்ளே அடிக்கிறார்கள் அக்கா. நீங்கள் ஐயாவிடம் சொல்லுங்கள்.

பழனி

பி.கு.: பதில் எழுதினால் கம்பஸ் விலாசத்துக்கு எழுதுங்கள். இங்கே கடிதங்களை இப்போது ஐயாதான் முதலில் பார்க்கிறார்.


வெள்ளவத்தை,
18.6.1997

அன்புள்ள கௌரி அக்காவுக்கு,

உங்களிடமிருந்து இன்னும் பதில் இல்லை. ஞாயிறு கோல்களிலும் ஐயா என்னிடம் ரிசீவரைத் தருவதில்லை, “அவளுக்கு ஏலாது, படுத்திருக்கிறாள்” என்கிறார். உண்மையிலேயே ஏலாமல் இருந்தால் இந்தக் கடிதத்துக்கு மன்னியுங்கள்.

அண்ணனைப் பார்த்தேன். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன், நடுவில் இருபது பேரின் சத்தம். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. விழுந்துவிட்டானாம். “அன்னிக்கு என்னடா நடந்துச்சு, ஐயா என்ன சொன்னாரு?” என்று கேட்டேன். “ஐயா பயந்துட்டாரு புள்ள. அவர ஒண்ணும் கேக்காத. ஒன் படிப்பு அந்த வூட்டுலதானே இருக்கு” என்றான். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

கடை முதலாளியின் பெயரைக்கூட இவன் பொலிஸுக்குச் சொல்லவில்லையாம். சொன்னால் மாடியில் படுக்கும் மற்றப் பொடியன்களும் மாட்டிக்கொள்வார்களாம். நான் அந்த மனிதரிடம் போகவுமில்லை. கூலிக்கு ஆள் வைத்திருக்கும் ஒருவர் இதற்காக வந்து நிற்பாரா? வீட்டு மனிதர் இருக்க வெளியாளிடம் ஏன் கை ஏந்த வேண்டும்?

ஐயா இன்னும் பொறு என்றே சொல்கிறார். நான் சமைக்கிறேன், அவர் சாப்பிடுகிறார், இருவரும் கதைப்பதில்லை. அம்மா சின்னச் சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்குகிறார். எனக்கு உங்களை விட்டால் ஆள் இல்லை.

பழனி


லண்டன்,
2.7.1997

அன்பான பழனிக்கு,

உன் கடிதங்கள் இரண்டும் கிடைத்தன. டொக்டர் என்னைக் கட்டிலை விட்டு எழும்பக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால்தான் எழுதவில்லை. கோபிக்காதே. காளியப்பனை நினைத்து நானும் அழுதேன். அத்தானைக் கேட்டுப்பார்.

ஆனால் அப்பாவை நெருக்காதே. அவர் இதய நோயாளி. ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. பொலிஸ், விசாரணை என்று ஒன்று வந்தால் வேலையும் போகும், அம்மாவின் விசாவும் போகும். அடுத்த வாரம் நேர்முகம். அது முடியட்டும். பிறகு நல்ல லோயராக ஒருவரைப் பிடிப்போம், நான் பார்த்துக்கொள்கிறேன். ஆமிக்காரன் கேட்ட நேரம் அப்பா அவனைத் தெரியாது என்று சொன்னதையும் பெரிதாக எடுக்க வேண்டாம் என்று காளியப்பனுக்குச் சொல். அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

படிப்பை விடாதே. நேரத்துக்குச் சாப்பிடு. உன்னை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

அன்பு அக்கா,
கௌரி


வெள்ளவத்தை,
20.7.1997

கௌரி அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கம்பஸ் கன்ரீனில் வைத்துப் படித்தேன். ஒரு வரியில் நின்றுவிட்டேன். ‘அப்பா அவனைத் தெரியாது என்று சொன்னதை’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

அதை எனக்கு யாரும் சொல்லவில்லை அக்கா. ஐயா சொல்லவில்லை. அண்ணன் சொல்லவில்லை. இந்த ஒழுங்கையில் நடந்த ஒன்று எனக்குத் தெரியாமல் லண்டனுக்குத் தெரிந்திருக்கிறது.

பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவிடம், அதுதான் நம் ஹமீமா தாத்தாவிடம், போனேன். அன்று முதல் அவர் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போவார், ஏன் என்று இப்போதுதான் விளங்கியது. “நான் பொய் சொல்ல மாட்டன் மகள். ஜன்னலடியில நிண்டுதான் கேட்ட,” என்று தொடங்கினார். ஆமிக்காரர்களில் பெரியவன் அண்ணனைக் காட்டி, ‘மே மினிஹா கவுத’ என்று கேட்டானாம், இந்த ஆள் யார் என்று. ஐயா, ‘மம தன்னே நே மாத்தயா’ என்றாராம். எனக்குத் தெரியாது என்று. அது போதாமல், பின் வாசல் திறந்து கிடந்தது, நான் நித்திரை, உள்ளே வந்திருக்க வேண்டும் என்றும் சொன்னாராம். அண்ணன் கையில் சோற்றோடு ஐயாவையே பார்த்துக்கொண்டு நின்றானாம். ஹமீமா தாத்தா அழுதுவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை, உடம்பு எரிந்தது.

ஐயா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம்! என் அண்ணனைக் கள்ளனாக்கி நிறுத்திவிட்டு, என் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தார். இரண்டு மாதமாக அவருக்குச் சோறு போட்டிருக்கிறேன்.

அன்று பின்னேரமே கொட்டாஞ்சேனைக்குப் போனேன். சவுந்தரநாயகம் கல்லாவில் இருந்தார். சொல்லி முடிக்க முன்பே எழும்பிவிட்டார். “ரெண்டு மாசமா! எங்க போயிட்டானோ எண்டு நான் ஆஸ்பத்திரி எல்லாம் தேடிக்கொண்டு திரியிறன். நீ எங்க இருந்தனி? என்னட்ட வர உனக்கு என்ன கேடு?” என்று கடை முழுக்கக் கேட்கக் கத்தினார். அவரிடம், உங்களை வெளியாள் என்று நினைத்தேன் என்று எப்படிச் சொல்வது? “பொடியனைப் பதியாதது என்ட பிழை. உள்ளுக்குப் போட்டால் என்னைப் போடட்டும்,” என்று சேர்ட்டை மாற்றிக்கொண்டு என்னோடு வெளிக்கிட்டார். வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். பதிவு செய்யாததற்கு அவர் மேல் வழக்கும் போட்டிருக்கிறார்கள்.

உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. அப்பாவோடு கதைத்தேன் என்று சித்திரை மாதம் எழுதினீர்கள். கதைத்து என்ன சொன்னீர்கள்?

பழனி


லண்டன்,
17.8.1997

என் அன்பான பழனிக்கு,

கடவுள் புண்ணியத்தில் பெண் பிள்ளை பிறந்திருக்கிறாள். அம்மா பிறப்புக்கு நான்கு நாள் முந்தித்தான் வந்து சேர்ந்தார். தாயும் பிள்ளையும் சுகம். அம்மா தைத்த மஞ்சள் சட்டைதான் போட்டிருக்கிறாள்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத இரண்டு வாரமாக இருந்து இருந்து எழும்புகிறேன். பொய் எழுத மனம் வரவில்லை. நான்தான் சொன்னேன். அவன் பெயரை எங்கள் வீட்டோடு சேர்க்க வேண்டாம், யாராவது வந்து கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள் என்று அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தது நான். அப்பா பதிவதற்குத்தான் இருந்தார். அவன் நல்ல பொடியன் என்றார். நான்தான் அழுது மறித்தேன். முதற் பிள்ளை, தனி ஊர், அம்மா வராமல் போனால் செத்துவிடுவேன் போல இருந்தது. இப்படிப் பிடிபடுவான் என்று கனவிலும் நினைக்கவில்லை. நீயும் ஒரு நாள் தாயாவாய், அப்போது உனக்கு விளங்கும்.

என்னைத் திட்டு. ஆனால் ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. அம்மா ஆறு மாதம் இங்கே நிற்பார். அப்பா தனிய. ஒரு தேத்தண்ணி போடக்கூட அவருக்குத் தெரியாது. நீ ஏதோ வேறு இடம் பார்ப்பதாகச் சொன்னாயாம், போனில் அழுகிறார். உன்னைத் தவிர அவருக்கு யார் இருக்கிறார்கள்? நீ எங்கள் வீட்டுப் பிள்ளை, பழனி. அக்காவாகக் கேட்கிறேன்.

கௌரி


கொட்டாஞ்சேனை,
14.9.1997

திருமதி சிவகௌரி அவர்களுக்கு,

உங்கள் 17.8.97 கடிதம் கிடைத்தது. குழந்தை நன்றாக வளரட்டும். அதை மனதாரத்தான் சொல்கிறேன்.

காளியப்பன் போன மாதக் கடைசியில் வெளியே வந்துவிட்டான். இடக் காது சரியாகக் கேட்பதில்லை. சவுந்தரநாயகம் அவனைத் திரும்பவும் கடைக்கு எடுத்துக்கொண்டார். வந்த முதல் நாளே, பிந்தி எழும்பினான் என்று பிளேன்டீயை நிறுத்திவிட்டாராம். சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்.

கட்டுரையைக் கொடுத்துவிட்டேன். வீட்டைப் பற்றி எழுதியிருக்கிறாய், நிறுவனம் எங்கே என்று விரிவுரையாளர் ஓரத்தில் எழுதியிருந்தார். புத்தகத்தில் இன்னொன்றும் இருந்தது. ஒரே இடத்துக்கென்று பழகிய திறமைக்கு வெளியே விலை இல்லை, அதனால்தான் அப்படிப் பழகியவர்களால் விட்டுவிட்டுப் போக முடிவதில்லை என்று. ஐயாவுக்கு எத்தனை கரண்டி சீனி, எந்தக் கறிக்கு எந்த உறைப்பு என்று பதின்மூன்று வருடம் படித்த படிப்பை இங்கே யாரும் கேட்கவில்லை. ஆனாலும் போகலாம். நான் வந்துவிட்டேன். இங்கே மேபல் என்கிற ஒருவரின் வீட்டில் அறை. அவருடைய பிள்ளைகளுக்கும் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். கம்பஸையும் விடவில்லை. ஐயாவின் சாப்பாட்டுக்கு ஹமீமா தாத்தா ஒழுங்கு செய்திருக்கிறார்.

நீங்கள் என்னை ஏமாற்றியதை நான் மன்னிக்கவில்லை. எனக்கு எழுத்துச் சொல்லித் தந்தவர் என்பதால் அது இன்னும் அதிகமாக வலிக்கிறது. தாயானால் விளங்கும் என்று எழுதியிருந்தீர்கள். அப்புத்தளையில் ஆறாயியும் ஒரு தாய்தான். மகன் பிடிபட்ட செய்தி கேட்டு மூன்று மாதம் கொழுந்து பறிக்க மலைக்குப் போகாமல் லயத்து அறையிலேயே கிடந்தாள்.

ஒன்றை மட்டும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். இடம் மாறுவதற்கு வெள்ளவத்தை வீட்டுப் பொலிஸ் பதிவிலிருந்து என் பெயரை எடுக்க வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் நேரில் வர வேண்டும் என்றார்கள். ஐயாவைக் கேட்டேன், வந்தார். சட்டை அயர்ன் பண்ணாமல் கசங்கியிருந்தது. மேசையில் இருந்த பொலிஸ்காரர் என்னைக் காட்டி, இது உங்களுக்கு யார் என்று சிங்களத்தில் கேட்டார்.

“மகே துவ, மாத்தயா,” என்றார் ஐயா. என்னுடைய மகள்.

பதின்மூன்று வருடத்தில் அந்தச் சொல்லை ஐயா வாயிலிருந்து நான் கேட்டதில்லை. பிள்ளை மாதிரி என்றுதான் சொல்வார். கோர்ட்டில் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மாற்றிச் சொல்கிறவர், அந்த ‘மாதிரி’யை அன்று விட்டுவிட்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. பொய்யாக அழவில்லை, அது எனக்குத் தெரியும்.

பொலிஸ்காரர் என் அட்டையில் சங்கிலி என்று இருந்த என் அப்பா பெயரைப் பார்க்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. ஐயாவை ஒரு தரம் பார்த்தார், சரி என்று தலையாட்டிவிட்டு எழுதத் தொடங்கினார். நான் மறித்தேன். “நே மாத்தயா. மம எயாலகே கெதர வெட கெருவே,” என்றேன். மகள் இல்லை, இவர்கள் வீட்டில் வேலை செய்தவள். அவர் வெட்டிவிட்டு, அப்படியே மாற்றி எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் ஐயா, “ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனீ?” என்று கேட்டார். பஸ் வந்தது. அவரை ஏற்றிவிட்டு நான் மற்றப் பக்கம் நடந்தேன்.

அவருக்குச் சொல்லாத பதிலை உங்களுக்கு எழுதுகிறேன். ஐயா வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னதுதான், அந்த மனிதர் உடனே நம்பினார். ஒரு கேள்வி கேட்கவில்லை. வெசாக் அன்றைக்கும் நம்பியிருப்பார்கள்.

இப்படிக்கு,
சங்கிலி மகள் பழனியம்மா